பாட்டுக்கு நடுவே மில் சங்கு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. யாரும் முழுதாக விழித்திருப்பதும் இல்லை. சாப்பிட்ட பாத்திரங்களை ஊறப் போட்டுவிட்டு வந்து நான் சோபாவில் காலை நீட்டிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் தன்னுடைய மர நாற்காலியில் சாய்ந்திருப்பார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டால் கூடம் முழுக்க மஞ்சளாக ஒரு நிழல் பரவும். டிவியில் ஒரு பழைய படம் ஓடும். எந்தப் படம் என்பதில் எங்களுக்குப் பெரிய பிடிவாதம் கிடையாது. கலர் கொஞ்சம் வெளுத்திருக்க வேண்டும், கதாநாயகன் பேன்ட் கீழே அகலமாக இருக்க வேண்டும், பாட்டு நிறைய இருக்க வேண்டும். கண் பாதி மூடியிருக்கும்போது அந்தப் பாட்டுகள் டிவியிலிருந்து வருகின்றனவா, எங்கள் தலைக்குள்ளிருந்து வருகின்றனவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பீளமேட்டில் எங்கள் வீடு விமானம் இறங்குகிற வழியில் இருக்கிறது. கதாநாயகி கண்ணீரோடு ஒரு உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பாள். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ஒரு விமானம் போகும். சத்தம் அடங்கும்போது கதாநாயகன் வீட்டைவிட்டே கிளம்பியிருப்பான். விருந்தாளிகள் யாராவது உடன் இருந்தால் தவித்துப்போவார்கள். எங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விமானம் விழுங்கிய வசனத்தை நாங்கள் மனதுக்குள் சொல்லி முடித்திருப்போம். கேட்காததைக் கேட்டதாக வைத்துக்கொள்வது இந்தத் தெருவில் எல்லோருக்கும் பழக்கம்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். நான் எதற்கும் பேசுகிறவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒழுங்காக உட்கார்ந்து பேசிக்கொண்டது என்று பார்த்தால் அது பெரும்பாலும் படம் பார்க்கும்போதுதான். எனக்குப் பிறந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வந்து படம் எடுக்காத ஆளே கிடையாது. அதனால் எந்தப் படத்தில் வாய்க்காலும் வாழைத்தோப்பும் வந்தாலும் அது எங்கள் ஊர்தான் என்று நான் சாதித்துவிடுவேன்.

"வந்துருச்சு பாரு அம்மணி, உங்கூரு வாய்க்கா" என்பார் அவர்.

"ஆமாங்க, அந்த மதகுக்குப் பக்கத்துலதான் எங்க மாமன் தோட்டம்."

"போன வாரம் பாத்த மதகு வேற மாதிரி இருந்துது. அதுவும் உங்கூரு மதகுதான்னு சொன்னே."

இதுதான் எங்கள் கொஞ்சல், கோபம், அரட்டை எல்லாம். இதைப் படிக்கிறவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். எனக்கு இது இல்லாமல் ஒரு வாரம் ஓடாது.

இப்போது எங்கள் பாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

கல்யாணமான புதிதில் மில்லுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டிய வீடுகள். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். அவருக்கு மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை. ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்னாலும் மில்லில் சைரன் ஒலிக்கும். கோயமுத்தூரில் அதற்குச் சங்கு என்றுதான் பேர். சங்கு ஊதினால் ஆண்கள் சைக்கிளை எடுப்பார்கள், பெண்கள் உலை வைப்பார்கள், மில்லுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூடக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள்.

கல்யாணமான முதல் மாதம் ஒரு மேட்னி ஷோவுக்குப் போனோம். ஓடாத படம். கொட்டகையில் பாதிக்கு மேல் காலி நாற்காலி. அதில் ஒரு பாட்டு. மழை விட்ட பிறகு ஒரு பெண் ஈரத்துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டே பாடுவாள். குழல் தொடங்கும், பின்னால் வயலின்கள் வந்து சேர்ந்துகொள்ளும். படம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். அதுவரை என்னிடம் "சாப்பிட்டயா", "தூக்கம் வருதா" என்பதற்கு மேல் பேசாத மனிதர், பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு அந்தப் பாட்டை மெல்ல முனகினார். சுருதி சுத்தமாக இருந்தது. இந்த மனிதரோடு காலம் தள்ளிவிடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது அந்த பஸ் ஸ்டாப்பில்தான்.

ஓடாத படத்துக்குக் கேசட் யார் போடுவார்கள்? எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ரேடியோவில் எப்போதாவது போட்டால்தான் உண்டு. என் அண்ணன் சீராகக் கொடுத்த டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. ரேடியோவை அரிசி டிரம் மேல் வைத்து, அதன் முகத்துக்கு நேராக டேப் ரெக்கார்டரை வைத்து, இரண்டு பொத்தானையும் ஒன்றாக அமுக்கினால் பாட்டு பதிவாகும். ஆனால் வீட்டில் இருக்கிற சத்தமெல்லாம் சேர்ந்தே பதிவாகும். அதனால் அந்த நேரத்தில் ஃபேன் ஓடக் கூடாது, பாத்திரம் உருளக் கூடாது, யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனை எனக்காகவே போட்டது.

மத்தியானம் நேயர் விருப்பம் வருகிற நேரமெல்லாம் அவர் ரேடியோ முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். பல நாள் காத்திருந்து ஒரு நாள் அந்தக் குழல் கேட்டது. பொத்தானை அமுக்கினார். நான் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். பல்லவி ஆயிற்று, முதல் சரணம் ஆயிற்று. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின்கள் எழும்பி வருகிற இடத்தில் மில் சங்கு ஊதியது. அன்றைக்கு அவருக்கு இரண்டாம் ஷிப்டு. எனக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது.

"ஏனுங்க, சங்கு ஊதிருச்சுங்க, கெளம்பலீங்களா?"

அவர் விரலை உதட்டில் வைத்து "உஸ்ஸ்" என்றார். அதுவும் சேர்ந்து பதிவாயிற்று.

அதற்கப்புறம் அந்தப் பாட்டை ரேடியோவில் அவர்கள் போடவே இல்லை, அல்லது போட்டபோது அவர் மில்லில் இருந்தார். ஆக எங்களிடம் இருந்தது அந்த ஒரு பதிவுதான். பல்லவி, சரணம், சங்கு, என் கேள்வி, அவர் "உஸ்ஸ்", மறுபடியும் சரணம். அழித்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். லைன் வீட்டுப் பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "கெளம்பலீங்களா" என்று இழுத்துச் சிரித்தார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் மகள் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூட விழாவில் மேடையேறி அதையே பாடினாள். முதல் சரணம் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டாள். டீச்சர் ஓரத்திலிருந்து அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கிறார், இவள் அசையவில்லை. கூட்டம் கைதட்டி உற்சாகப்படுத்துகிறது, இவள் நேராக எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என் பக்கத்தில் இவள் அப்பா மட்டும் நிதானமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சரியான இடத்தில் அவள் இரண்டாவது சரணத்தை எடுத்தாள். பரிசு கிடைக்கவில்லை. பாட்டை மறந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார்கள்.

"மறக்கலீங்கப்பா. அது சங்கு ஊதற எடமுங்க" என்று அழுதாள் அவள். எல்லோர் வீட்டிலும் அந்தப் பாட்டில் சங்கு ஊதும் என்றுதான் குழந்தை நினைத்திருந்தது.

பின்னால் ஒரு மழைக்காலத்தில் அந்தக் கேசட்டின் நாடா உள்ளே சிக்கிக்கொண்டது. வெளியே எடுத்து, பென்சிலை விட்டுச் சுற்றி, கிழிந்த இடத்தை ஒட்டி, என்னென்னவோ செய்தோம். கொஞ்ச நாள் கரகரத்தது, பிறகு அதுவும் நின்றது. மில்லையும் மூடினார்கள். அவர் பம்புசெட் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போய், அங்கிருந்தே ரிட்டயரானார். மில் இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. எங்கள் மகள் அதில்தான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அங்கே சங்கெல்லாம் கிடையாது, எந்நேரமும் ஷிப்டுதான்.

போன ஆடியில் நடந்தது இது. பாலக்காட்டுக் காற்று ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த ஞாயிறு. டிவியில் ஏதோ காதல் படம். என் அண்ணி போன் செய்தாள். நான் ரிமோட்டில் சத்தத்தை நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். அண்ணியோடு பேசினால் சுருக்கமாக முடியாது. உறவுக்காரர் அத்தனை பேரையும் விசாரித்து முடித்துவிட்டுக் கீழே வந்தேன்.

டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு ஜோடி வாயை வாயை அசைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கண்ணைப் பாதி மூடி, நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன கொரலு பாரம்மணி, தேனாட்டம்."

முதலில் கிண்டல் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் கிண்டல் செய்கிறவர் இல்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். பாட்டு கூடமெங்கும் நிறைந்தது. அவர் விரல் அதே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது, பாட்டோடு அப்படியே பொருந்தியது. சத்தம் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. நான் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டார். கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறார் என்று எவ்வளவு திட்டியிருக்கிறேன். எதிரில் நின்று பேசினால் சரியாகப் பதில் வரும். ஸ்பின்னிங்கில் மெஷின் இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்தேதான் பேசிக்கொள்வார்கள். அந்த வித்தையில் இத்தனை நாள் என்னை ஏமாற்றியிருக்கிறார். படத்தில் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார், என் ஊர் மதகைக் கேலி செய்தார். எல்லாம் ஞாபகத்திலிருந்து.

அவர் எதிரில் போய் நின்று கேட்டேன். மறைக்கவில்லை.

"தெரியும் அம்மணி. மொதல்ல கொழல் கேக்கறது நின்னுது. அப்பறம் வயலினுக. ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிட்டாங்க. பாடறவங்களும் போனதுக்கப்பறம் நானே உள்ளுக்குள்ள போட்டுக்கறேன்."

"என்னத்துக்குங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ படம் பாக்கறத உட்டுப்போடுவயே."

அன்றைக்கு நான் அழுதேன். அவருக்குக் காது போனதற்காக மட்டுமில்லை. ஒரே கூடத்தில், ஒரே டிவி முன்னால், அவர் ஒரு பாட்டையும் நான் ஒரு பாட்டையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். எங்களுக்கு என்று இருந்தது அது ஒன்றுதான். அதுவும் எப்போது கை நழுவியது என்பதுகூட எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காது மெஷின் வாங்கிக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அவருக்கு உலகம் பயங்கரமாகிவிட்டது. குக்கர் விசில், தெருவில் பைக், என் வளையல் எல்லாம் அவர் மேல் வந்து விழுந்தன. "நீ இவ்வளவு சத்தமாவா பேசுவே?" என்று என்னையே கேட்டார். பேச்சுக்கு மெஷின் உதவியது, மறுக்க மாட்டேன். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் "வாரேன்" என்று பதில் வந்தது. பாட்டுக்குத்தான் உதவவில்லை.

"தகர டப்பாக்குள்ள உக்காந்து பாடறாப்பல இருக்குது. வயலினெல்லாம் கொசுவாட்டம்" என்றார். படம் தொடங்கினால் மெஷினைக் கழற்றி டப்பியில் வைத்து மூடிவிடுவார். பிறகு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு விரலால் தாளம் போடுவார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கோ ஒரு நல்ல கச்சேரிக்கு என்னை விட்டுவிட்டு இவர் மட்டும் போய் உட்கார்ந்திருப்பது போல.

"நீங்க மட்டும் தனியா கேட்டுக்கறீங்க. நான் இங்க பொம்மையாட்டம் உக்காந்திருக்கறேன்" என்று ஒரு நாள் சொல்லியே விட்டேன். மெஷின் இல்லாததால் அவருக்குக் கேட்கவில்லை. என் உதட்டையும் அவர் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சீக்கிரமே எழுந்துபோய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தேன்.

இதை மகள் கவனித்திருக்கிறாள். கார்த்திகையில் ஒரு ஞாயிறு போனோடு வந்தாள். எங்கள் ஓடாத படத்தை யாரோ எங்கிருந்தோ தேடியெடுத்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்களாம். போனிலிருந்து டிவிக்கு மாற்றி வைத்தாள். முழுப்படத்தையும் அந்த மேட்னிக்கு அப்புறம் நாங்கள் பார்த்ததே இல்லை. அந்தக் காலிக் கொட்டகையின் மூட்டைப்பூச்சி வாசம்கூட எனக்கு வந்தது.

மகளோடு பேச வேண்டி அவர் அதுவரை மெஷினைக் கழற்றவில்லை. பாட்டு வரப்போகிறது என்று தெரிந்ததும், கழற்றி வைக்க அவர் கை டப்பியைத் தேடியது. நான் அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இந்த ஒரு பாட்டுக்கு மாட்டியிருங்க. எனக்காக. எப்படிக் கேட்டாலும் ரெண்டு பேரும் ஒண்ணையே கேப்போம்."

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.

மழை விட்டது. அந்தப் பெண் ஈரத்துணிகளோடு வந்தாள். குழல் தொடங்கியது. மத்தியான வெயில் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது. நான் பாதி டிவியையும் பாதி அவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லவி முடிந்தது. முதல் சரணத்தில் அவர் நெற்றி சுருங்கியது. கை காதுக்குப் போயிற்று. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தகரமாட்டக் கேக்குதுங்களா?"

"இல்லம்மணி. இன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்ல."

"அப்பறம் ஏனுங்க கழட்டறீங்க?"

அவர் டிவியைப் பார்த்தார். திரையில் அந்தப் பெண் கடைசித் துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

"இதுல நீ இருக்க மாட்டே" என்றார். "இத மாட்டிட்டு நெசப் பாட்டக் கேட்டா உள்ள ஓடறது நின்னுபோகும். அதுலதான் சங்கு ஊதும். நீ பேசுவே. நான் பாட்டு கேக்கறதே அந்த எடத்துக்கோசரந்தான்."

கச்சேரிக்கு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று மாதக்கணக்காக நான் கறுவிக்கொண்டிருந்தேன். கச்சேரியே நான்தான் என்கிறார் இந்த மனிதர். அதை நேரில் சொல்ல அவருக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

முதல் சரணம் முடிந்தது. வயலின்கள் எழும்பி வந்தன, தடையில்லாமல், சுத்தமாக. அவர் கை இன்னும் என் கைக்குள் இருந்தது. அதில் ஒரு விரல் தாளத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை. தொண்டை இப்போது கட்டைத் தொண்டை, அந்த வயசுக் குரல் எனக்கு எங்கிருந்து வரும். இருந்தாலும் அடுப்படிப் பக்கமிருந்து கேட்பது போலவே கேட்டேன்.

"ஏனுங்க, சங்கு ஊதிருச்சுங்க, கெளம்பலீங்களா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு விரலை உதட்டில் வைத்து, "உஸ்ஸ்" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது சரணம் தொடங்கியது. பாட்டு முடிகிறவரை அவர் மெஷினைக் கழற்றவில்லை.